பக்கத்து வீட்டுச் சண்டை

மாடி ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டதும் ஜெயசித்ரா பாதித் திட்டை வாயிலேயே நிறுத்திக்கொண்டாள்.

“பாத்தியா, தொறந்துட்டா. நம்ம வீட்ல சண்டைன்னா போதும், மகாராணிக்கு வேடிக்கை பாக்கணும்.”

அவள் புருஷன் அஜித் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தான். குழம்பில் உப்பு கூடிப்போனதில் ஆரம்பித்து, அவன் அக்கா கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பது வரை வளர்ந்திருந்த சண்டை, மற்ற நாள் போல ஜன்னல் திறந்த பிறகும் தொடராமல், அன்றைக்கு அதோடு நின்றுபோனது.

ஜன்னலைத் திறந்தவள் சிந்துஜா, பக்கத்து மாடி வீட்டு மருமகள். புருஷனுக்குப் பாரீசில் வேலை. விசா வரும்வரை மாமனார் வீட்டில் இருக்கிறாள். இப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள்.

அவள் காலில் மண் பட்டு ஜெயசித்ரா பார்த்ததில்லை. படி இறங்க வேண்டாம் என்று சாப்பாடே மேலே போகும். தாகம் என்று அவள் நினைப்பதற்குள் மாமியார் கமலா ஜூஸ் டம்ளரோடு நிற்பாள். போதாக்குறைக்குத் தினமும் பாரீசிலிருந்து வீடியோ கால் வேறு.

ஜெயசித்ரா மகளைச் சுமந்தபோது ஒன்பதாம் மாதம் வரை மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தவள். அந்த ஜன்னலைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். அதை மறைக்கிற ஆளும் இல்லை அவள்.

“குடுத்து வெச்சவ. ஒரு கஷ்டம் தெரியுமா அவளுக்கு? அந்த வீட்ல என்னிக்காவது ஒரு சத்தம் கேட்டிருக்கியா நீ?”

இனிமேல் நம் வீட்டிலும் சத்தம் வரக் கூடாது, அவர்களைப் போலவே டீசன்ட்டாக இருக்கப் போகிறோம் என்று சட்டம் போட்டாள். தட்டாஞ்சாவடி கம்பெனியில் நாள் முழுக்க மிஷின் இரைச்சலில் நிற்கிற அஜித், இதைவிட நல்ல செய்தி கேட்டதில்லை. உடனே தலையாட்டிவிட்டான்.

அந்த ஒரு வாரம் வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. உப்பே போடாத ரசத்தை “நல்லாருக்கு” என்று குடித்தான். லேட்டாக வந்தால் ஏன் என்று அவள் கேட்கவில்லை. மார்க்கெட்டில் ஒருத்தி இடத் தகராறில் கூடையை எட்டி உதைத்ததை அவனிடம் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் பேச்சு வளரும் என்று விழுங்கிக்கொண்டாள்.

முன்பெல்லாம் சண்டை போட்டு ஓய்ந்ததும் யாராவது ஒருத்தர் சிரித்துவிடுவார்கள். அப்புறம் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். இப்போது சண்டையும் இல்லை, அந்தச் சிரிப்பும் இல்லை. ஆனால் மாடி ஜன்னல் திறக்கவே இல்லை. ஜெயசித்ராவுக்கு அது போதும்.

எட்டாம் நாள் சாயங்காலம் அவள் வாசலில் சிந்துஜாவே வந்து நின்றாள். மாமனாரும் மாமியாரும் கோயிலுக்குப் போயிருக்கிறார்களாம்.

“வீட்ல எல்லாரும் நல்லாருக்கீங்களாக்கா? ஒரு வாரமா சத்தமே இல்லியே.”

ஜெயசித்ராவுக்குச் சுருக்கென்றது.

“ஏன், வேடிக்கை நின்னு போச்சேன்னு வருத்தமா? உனக்கின்னாம்மா, நோகாம உக்காந்திருக்க. எங்க பொழப்பு உனக்குச் சிரிப்பாத்தான் இருக்கும்.”

சிந்துஜா சிரிக்கவில்லை. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு மாசம் முன்னாடி காரைக்கால்ல எங்கப்பா செத்துட்டாருக்கா. காரியமெல்லாம் முடிஞ்சு பத்து நாள் கழிச்சுத்தான் எனக்கே சொன்னாங்க. வயித்துப் பிள்ளைக்காரி, தாங்க மாட்டேனாம். மூஞ்சியக்கூடப் பாக்கல நான்.”

ஜெயசித்ரா வாசற்படி இறங்கி அவள் பக்கத்தில் வந்தாள்.

“அவங்க யாரும் கெட்டவங்க இல்லக்கா. நான் கஷ்டப்படக் கூடாதுன்னுதான் எல்லாம் செய்றாங்க. என் கண்ணு கலங்கினா அத்தை பதறிப்போய் டாக்டருக்கு போன் போடுறாங்க. அவரு அங்கேருந்து, நீ சிரிச்சாத்தான் போனை வெப்பேன்னு உக்காந்திருக்காரு. எங்கப்பாவுக்காக அழ எனக்கு அந்த வீட்ல இடமே இல்ல.”

“அதுக்கு, எங்க சண்டைய எதுக்கும்மா கேக்குற?”

“கேக்கலக்கா. நீங்க சண்டை போடும்போதுதான் ஜன்னலைத் தொறந்து வெச்சுட்டு நான் வாய்விட்டு அழுவேன். கீழ அத்தைக்குக் கேட்டாலும், பக்கத்து வீட்டுச் சத்தம்னு நெனச்சுப்பாங்க.” முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “ஒரு வாரமா நான் அழவே இல்லக்கா. நெஞ்சு அடைக்குது.”

ஜெயசித்ரா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுக்கப் போனாள். அதற்குள் தெருமுனையில் மாமனாரின் கார் ஹாரன் கேட்டது. சிந்துஜா கையை உருவிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். அவளைப் பார்த்து இத்தனை நாள் வயிறெரிந்ததை நினைத்து ஜெயசித்ராவுக்கு வெட்கமாக இருந்தது.

ஏழு மணிக்கு அஜித் வந்தான். செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றினான்.

ஜெயசித்ரா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். “யோவ், ஆடித் தேருக்கு வீராம்பட்டினம் போவணும்னு மூணு வருசமா சொல்றேன். எங்கம்மா வீடுன்னா உனக்கு அவ்ளோ எளக்காரமா?”

அஜித் மிரண்டுபோனான். ஒரு வாரத்துப் பழக்கத்தில் குரலைத் தாழ்த்தி, “கோச்சுக்காதடி, இந்த வருசம் கண்டிப்பா வரேன்” என்றான்.

அவள் கிட்டே போய் அவன் காதோடு சொன்னாள்:

“வரேன்னு சொல்லாதய்யா. வர மாட்டேன்னு சொல்லு. மாடி வரைக்கும் கேக்குற மாதிரி கத்திச் சொல்லு.”