மருமகளின் சிலேட்டு

"என் சிலேட்டை யாரும் தொடக்கூடாது, சொல்லிட்டேன்."

என் மனைவி பொதுவாகத்தான் சொன்னாள். பார்த்தது மட்டும் அப்பாவை. மின்னூல் படிக்கும் அந்தக் கருவிக்கு 'சிலேட்டு' என்று பேர் வைத்ததே அவர்தான்.

"தொட்டுட்டாலும்... காகிதம் இல்ல, மை இல்ல. இதெல்லாம் ஒரு புஸ்தகமாம்மா?" என்றார் அப்பா. முப்பத்தைந்து வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர்.

"இருந்துட்டுப் போகட்டும் மாமா. தொடாம இருந்தா சரி."

அதை ஹால் மேஜையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷர் மூன்று மாசமாக ஒரே புத்தகத்தை ஒரே பக்கத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண் மங்கிவிட்டது, இனி கண்ணாடி மாற்றியும் பயனில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அப்பா ஒப்புக்கொண்டால்தானே? "பல்புல வெளிச்சம் பத்தலை" என்பார். நானும் நாலு பல்பு மாற்றிவிட்டேன். படிக்க முடியாவிட்டால் மனுஷர் உடைந்தே போவார். அவரிடம் போய் இவளுக்கு என்ன வீம்பு?

ஞாயிற்றுக்கிழமை யதேச்சையாக அந்தச் சிலேட்டைத் திறந்தேன். ஒவ்வொரு எழுத்தும் சட்டைப் பொத்தான் அளவு. பக்கத்துக்குப் பத்து வார்த்தை தேறினால் அதிகம். போதாததற்கு, வழி நெடுக அச்சுப் பிழைகளுக்குக் கோடு போட்டு, 'திருத்தவும்' என்று குறிப்பு வேறு.

அப்பாவேதான். திருட்டுத்தனமாகப் படிக்கும்போதும் கை சும்மா இருக்கவில்லை.

சமையலறைக்கு ஓடினேன். "அப்பா உன் சிலேட்டுல படிக்கிறார். பாவம், கண்டுக்காம விட்டுடு."

"எத்தனாவது அத்தியாயத்துல இருக்கார்?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அவருக்காகத்தானே வாங்கினேன். நேரா கொடுத்திருந்தா, 'எனக்கென்ன கண்ணு தெரியாதா'ன்னு மூஞ்சியைத் திருப்பியிருப்பார். தொடாதீங்கன்னேன், தொட்டுட்டார்."

"அப்போ நீ எதுல படிக்கிற?"

மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து, முனை மடங்கிய ஒரு நாவலை எடுத்தாள்.

"எனக்கு அந்தச் சனியன்ல ஒரு பக்கம்கூட ஓடலைங்க."

நாவலைக் கைப்பைக்குள் தள்ளிக்கொண்டு, ஹால் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"மாமா, நாங்க ரெண்டு பேரும் வெளிய போறோம். வர மூணு மணி நேரமாகும். சிலேட்டு மேஜை மேலதான் இருக்கு, சார்ஜ் ஃபுல்லா இருக்கு. அந்தப் பக்கமே போயிடாதீங்க."