அசல் தோல்

அய்யாவு பேரம் பேசவில்லை.

வைத்தீஸ்வரனுக்கு அங்கேயே பொறி தட்டியது.

அவன் அப்பா சிக்பேட்டையில் புடவை விற்றவர். வாங்க வந்தவர் யார், வேடிக்கை பார்க்க வந்தவர் யார் என்று முகத்தை வைத்தே சொல்லப் பழகியபிறகுதான் வைத்தீஸ்வரன் எழுத்துக் கூட்டவே பழகினான். இப்போது ஆஸ்டின் டவுனில் சொந்தமாக விளையாட்டுச் சாமான் கடை.

அய்யாவு பழைய வாடிக்கை. தொம்மலூரில் வீடு, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். போன வருஷம் மகளுக்குக் கேன்வாஸ் ஷூ வாங்க வந்து, அரை மணி நேரம் மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு ஜோடி சாக்ஸையும் ஓசியில் பிடுங்கிக்கொண்டு போன மனுஷன்.

இன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்துப் பார்த்து எடுத்ததெல்லாம் மகள் சிந்துதான். பி.காம். முதல் வருஷம், காலேஜ் சாஃப்ட்பால் டீமில் இருக்கிறாள். ரெக்ஸின் கிளவுஸைத் தொட்டவுடனே தள்ளினாள். அடுத்ததில் கட்டைவிரல் பக்கத் தையல் சரியில்லை என்றாள். அப்புறம் தலையைத் தூக்கி, உச்சிக் கொக்கியில் பிளாஸ்டிக் கவரில் தொங்கியதைக் காட்டினாள்.

வைத்தீஸ்வரன் கம்பால் எடுத்துக் கொடுத்தான்.

இடது கையை நுழைத்தாள். வலது முஷ்டியால் நடுவில் குத்தினாள். வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள் என்று வைத்தீஸ்வரன் நினைத்துக்கொண்டான்.

கையை வெளியே எடுத்து முகர்ந்தாள். நக இடுக்கில் துளி பச்சைப் பொருக்கு.

"மருதாணி வாசனை வருது அங்கிள்."

"தோல் பதம் பண்றப்போ என்னென்னமோ இலை போடுவாங்கம்மா. அசல் தோல்னா அப்படித்தான்."

"எத்தனை வருஷம் வரும்?"

"தையல் விட்டுச்சு, வாரு அறுந்துச்சுன்னு இந்தக் கிளவுஸுக்கு இதுவரைக்கும் ஒரு பொண்ணு வந்து நின்னது கிடையாது."

அதில் பொய் ஒன்றும் இல்லை.

சிந்துவுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. திங்கட்கிழமை ஸ்டேட் டீமுக்கு கேம்ப். சொந்த கிளவுஸ் இல்லாதவர்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம் என்று கோச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இவளுக்கு நிச்சயதார்த்தம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் புடவை கட்டி வந்து உட்கார்ந்தால் கிளவுஸும் வாங்கித் தருகிறேன், கேம்புக்கும் அனுப்புகிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். அவளாகவே எல்லாவற்றையும் கொட்டினாள், அப்பாவை ஜெயித்துவிட்டவள் மாதிரி.

வைத்தீஸ்வரன் வேண்டுமென்றே விலையை ஒன்றரை மடங்காக ஏற்றிச் சொன்னான்.

"ஆகட்டும்" என்றார் அய்யாவு.

சிந்து அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "ரொம்ப ஜாஸ்திப்பா" என்றாள், குரல் இறங்கி.

"உனக்கில்லாததா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோச்சுக்கு ஃபோன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று பக்கத்துக் கடைக்கு ஓடினாள். கிளவுஸை மறக்காமல் கவருக்குள் போட்டு மேஜைமேல் வைக்கச் சொன்னது அப்பாதான்.

அவள் படி இறங்கியதும் அய்யாவு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"திங்கக்கிழமை காலைல கடை தொறக்கறப்போ கிளவுஸைத் திருப்பிக் கொண்டாந்துடறேன். பணத்துல எவ்வளவு பிடிப்பீங்க?"

வைத்தீஸ்வரனுக்கு அப்பாடா என்று இருந்தது. இதுதான் அவனுக்குத் தெரிந்த அய்யாவு.

"கால் பங்கு."

"நியாயமா பேசுங்க சார். பீரோவுல தூங்கப் போற சாமானுக்குக் கால் பங்கா? விவேக் நகர்க்காரர்கிட்ட பத்துல ஒண்ணுதான் பிடிச்சீங்களாம். இந்த விஷயத்துக்கு அவர்தான் என்னை உங்ககிட்ட அனுப்பினதே."

"பிடிச்சேன். அப்புறம் கவரைத் தொறந்து பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டேன். அவர் பொண்ணு அனந்தலக்ஷ்மி, நிச்சயத்துக்கு முந்தின நாள் மருதாணி வெச்ச கையோட இதை மாட்டிக்கிட்டே தூங்கியிருக்கா. உள்ள கைவிட்டுச் சுரண்டினது யாரு, நானா அவரா?"

அய்யாவு கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப சிந்துக்கு வலது கையில மட்டும் வைக்கச் சொல்லிடறேன்."

வைத்தீஸ்வரன் பரம்பரை வியாபாரிதான். இருந்தாலும் இது அவனுக்கே தோன்றியிருக்கவில்லை. இப்படி ஒரு யோசனைக்காகவே இறங்கிக் கொடுக்கலாம் என்று தோன்றிவிட்டது.

"எட்டுல ஒண்ணு. எண்ணெய் படக்கூடாது, பந்து படக்கூடாது."

"படாது."

கை குலுக்கிக்கொண்டார்கள்.

சிந்து மூச்சு வாங்க ஓடி வந்தாள். கோச் அவள் பேரைச் சேர்த்துக்கொண்டுவிட்டாராம். சந்தோஷத்தில் அவளுக்கும் அப்பாவின் புத்தி வந்துவிட்டது.

"இவ்வளவு விலை குடுக்கறோம். ஒரு பந்தாவது ஓசியா குடுங்க அங்கிள்."

"வேணாம்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில்.

அவள் சிரித்தாள். கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாசலில் திரும்பி நின்று கேட்டாள்.

"இந்த வாசனை போயிடுமா?"

"போகாது. பழகிடும்மா."

அப்பாவும் மகளும் ஆட்டோ ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே பெட்டியில் வேறு கிளவுஸ்கள் இருந்தன. உச்சிக் கொக்கி காலியாகத் தெரிந்தது.

வைத்தீஸ்வரன் அதில் எதையும் மாட்டவில்லை.