பேக்கப் அக்கா

“எட்டு வருஷ ஆராய்ச்சி! ராத்திரியோட ராத்திரியா காணாமப் போயிருக்கு. நீ எதுக்கும்மா இங்க சம்பளம் வாங்குற?”

நிர்வாக அதிகாரி போட்ட சத்தத்தில் கணினி அறையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவளுக்குக் குனியக்கூடத் தெம்பில்லை.

“தினமும் ஸ்நாப்ஷாட் எடுத்தேன் சார். பக்கத்துக் கட்டடத்துல இருக்கிற செகண்டரி ஸ்டோரேஜுக்கும் ஒரு நகல் போயிட்டுதான் இருந்தது...”

“அப்ப அங்கேருந்து எடு!”

“அங்கயும் இல்ல சார்.”

அந்த மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே பெரிய சர்வருக்குள், தனித்தனிக் கணினி மாதிரியே இயங்கும் பல மெய்நிகர் கணினிகள் ஓடின. ஒவ்வொன்றும் அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே, படம் பிடித்த மாதிரி நகலெடுத்துப் பத்திரப்படுத்துவது அவள் வேலை. எல்லாரும் அவளை ‘பேக்கப் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது போனது ஒரே ஒரு மெய்நிகர் கணினிதான். ஆனால் பெரிய டாக்டரின் சிறுநீரக மருந்து ஆராய்ச்சி மொத்தமும் அதில்தான் இருந்தது.

பழைய நகல்களை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று குறித்ததில் தானே எங்கோ கோட்டை விட்டிருக்க வேண்டும் என்று நினைத்தாள். வேறு யாரைச் சொல்வது?

“பேக்கப்பே இல்லாத பேக்கப் அக்கா” என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தது நன்றாகவே காதில் விழுந்தது.

தாழ்வாரத்தில் ஒரு நோயாளி அவளை வழிமறித்தார். ஆராய்ச்சிக்காக அந்த மருந்தைச் சாப்பிட்டு வருபவர்.

“ஏம்மா, எங்க விவரமெல்லாம் அழிஞ்சுபோச்சாமே? நெசமா?”

அவள் பார்வை அவருடைய காலில் போய் நின்றது.

“எனக்குக் கால் வீக்கம் வடியவே இல்லம்மா. மருந்தை நிறுத்தணுமா, தொடரணுமான்னு வெளியிலேருந்து ஒரு குழு வந்து அந்தக் கணக்கையெல்லாம் பார்த்துச் சொல்லும்னாங்க. அடுத்த வாரம் வர்றாங்களாம். இனிமே நான் யாரைப் போய்க் கேட்பேன்?”

திட்டியிருந்தாலாவது தேவலை. அவர் திட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போனார்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

“வேலைதானே? போனா போகுது, விடு. நான் இல்லையா?” என்றான் கணவன்.

“வேலை போறதுக்கா அழறேன்? அந்த மனுஷன் காலைப் பார்த்தேங்க. செருப்புக்குள்ள நுழையல.”

அவன் தட்டை எடுத்துப் போய்க் கழுவினான்.

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தோடு பெரிய டாக்டர் முன்னால் போய் நின்றாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

“மெஷின் செஞ்ச தப்புக்கு மனுஷியைத் தண்டிக்கிறதா? போனது என்னோட உழைப்பு. நானே போகட்டும்னு விட்டுட்டேன். நீ போய் வேலையைப் பாரும்மா.”

அதோடு நிற்கவில்லை. நிர்வாக அதிகாரியைக் கூப்பிட்டு, “இந்தப் பொண்ணை இனிமே யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னா என்கிட்ட பதில் சொல்லணும்” என்றார்.

விஷயம் காட்டுத்தீ மாதிரிப் பரவியது. “இந்தக் காலத்துல இப்படியும் ஒரு மனுஷனா!” என்று நர்சுகள் உருகினார்கள். நிர்வாக அதிகாரியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவளால்தான் அந்தப் பெருந்தன்மையைத் தாங்க முடியவில்லை. திட்டு வாங்கியபோது அடக்கி வைத்த அழுகையெல்லாம் கழிப்பறைக் கதவைச் சாத்தியதும் பீறிட்டது. இப்படிப்பட்டவருடைய உழைப்பையா பாழாக்கினோம்?

முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். இரண்டு சேமிப்பகங்களையும் சல்லடை போட்டுச் சலித்தாள். ஒன்றும் தேறவில்லை. உடன் வேலை பார்ப்பவர்கள், “விடுங்கக்கா, தலைவலிதான் மிச்சம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் பொறி தட்டியது.

போன மாதம் செகண்டரி ஸ்டோரேஜைப் புதிதாக மாற்றியபோது கழற்றிய பழைய பெட்டி! உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுப் பழைய சாமான்காரரிடம் தள்ள வேண்டியது. வேலை மும்முரத்தில் மறந்தே போயிருந்தாள்.

பழைய சாமான் அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே தூசி படிந்து கிடந்தது. ஆளைக்கூடக் கூப்பிடாமல் தானே இழுத்து வந்து மின்சாரம் கொடுத்தாள். விசிறி இரைந்தது. திரை விழித்தது. போன மாதம் வரைக்குமான ஸ்நாப்ஷாட்கள் வரிசையாக வந்து நின்றன.

கடைசி ஸ்நாப்ஷாட்டிலிருந்து அந்த மெய்நிகர் கணினியை மீட்டு ஓடவிட்டாள். நோயாளிகளின் பெயர்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், எல்லாம் அச்சு அசலாக அப்படியே!

வாய்விட்டுச் சிரித்தாள். லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி ஓடினாள்.

“சார்! கிடைச்சிடுச்சு சார்! ஒரு மாசத்து விவரம்தான் இல்ல, மத்தது எல்லாம் பழைய பெட்டியில பத்திரமா இருக்கு!”

பெரிய டாக்டர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

“வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல சார். முதல்ல உங்ககிட்டதான் ஓடி வந்தேன்.”

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கடிதத்தைக் கிழித்தபோது இருந்த அதே கனிவான குரலில் சொன்னார்:

“நல்ல பொண்ணு. அதையும் அழிச்சிடும்மா.”