குருவி போட்ட கத்தி

"அந்தப் பெட்டியை மட்டும் தொடாதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

மாமியார் போட்ட சத்தத்தில் மருமகள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பொத்தான் அறுந்த சட்டைக்கு ஊசி எடுக்கத்தான் போனாள்.

"ஊசி வேணும்னா கேளு, எடுத்துத் தர்றேன். பெட்டியில கை வைக்காதே."

மற்றபடி மாமியார் தங்கம். 'நீ சாப்பிட்டியா?' என்று கேட்காமல் ஒருநாளும் தட்டு முன்னால் உட்கார்ந்ததில்லை. அந்தத் தையல் பெட்டி என்று வந்தால் மட்டும் ஆளே வேறு. தைக்கும்போது திறப்பாள். முடிந்ததும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள்.

என்னை இன்னும் வேற்று ஆளாகத்தான் நினைக்கிறார்கள் போல. மருமகள் ஊசியை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். நான் மட்டும் எல்லாவற்றையும் திறந்து காட்டிவிட்டேனா என்ன, என்றும் கூடவே ஓர் உறுத்தல்.

அவள் அப்பா கப்பலில் வேலை பார்க்கிறார் என்றுதான் இந்த வீட்டில் பேச்சு. உண்மையில் அவர் ஜெயிலில் இருந்தார். ஏதோ சண்டை, கோபத்தில் ஒரு தள்ளு. விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

கணவனுக்குத் தெரியும். "அம்மா காதுக்கு மட்டும் போகவே கூடாது. தெரிஞ்சா உன்னை இந்த வீட்டுல இருக்க விடமாட்டாங்க" என்று அவன்தான் அவள் வாயைக் கட்டியிருந்தான்.

அன்று சாயங்காலம் மாமியாரின் தம்பி வந்தார். பழைய கலைப் பொருள்கள் வாங்கி விற்பவர். அக்காவுக்கென்று ஏதோ பார்சல் கொண்டுவந்திருந்தார். மாமியார் அப்போது, தைத்து முடித்த ரவிக்கையை வாங்க வந்தவளிடம் கொடுக்க வாசலுக்குப் போயிருந்தாள். அவசரத்தில் பெட்டியைப் பூட்டவில்லை.

"கயிறு அறுக்கக் கத்தரி இருக்குமே" என்று அவர் பெட்டிக்குள் கையை விட்டார்.

"ஐயோ, அத்தைக்குப் பிடிக்காது!"

"எனக்கேவா? நான் அவ கூடப் பொறந்தவன்மா."

கையோடு வந்தது கத்தரி இல்லை. ஒரு மடக்குக் கத்தி.

அவருக்குப் பார்சல் மறந்தே போயிற்று. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விளக்கடியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது எங்கே கிடைச்சது?"

அப்போதுதான் உள்ளே வந்த மாமியாரின் முகம் சட்டென்று மாறியது. "சந்தையில. இப்படிக் கொடு."

"இரு, இரு. இது கடைச்சரக்கே இல்லை. பிடியைப் பாரு, சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு கோடு கோடா ஓடுது. கொம்புன்னு நினைச்சியா? எல்லாம் பல் தேய்க்கிற பிரஷ்ஷோட காம்பு! துண்டு துண்டா அறுத்து, அடுக்கி, சூட்டுல ஒட்டவெச்சு, கண்ணாடி மாதிரி இழைச்சிருக்கான். இவ்வளவு பொறுமையா இழைக்க வெளியில யாருக்கு நேரம் இருக்கு? இது ஜெயில் பட்டறை வேலை."

"உள்ளே போயிட்டு வந்தவன் மாதிரியே பேசறியேடா!"

"சிரிக்காதே. கொலைகாரன் செஞ்ச கத்தியா இருந்தா என்ன பண்ணுவே?"

"நீ விக்கிற சாமானெல்லாம் உத்தமன் செஞ்சதா? வாங்கும்போது விசாரிச்சியா?"

அவர் காதில் வாங்கவில்லை. "பிடியில இருக்கிற இந்தக் குருவியைப் பாரேன். கழுத்தைத் திருப்பிப் பின்னால பாக்குது. இது அந்த ஆளோட முத்திரை. இதே குருவி வேற எதுலயாவது இருந்தா, அதுவும் அவன் கைதான். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்."

அதே கோடுகள், அதே குருவி, மருமகளின் கொண்டையில் இருந்த கிளிப்பிலும் இருந்தன. கடைசியாக ஜெயிலில் பார்க்கப் போனபோது அப்பா கொடுத்த கிளிப்.

தலையைச் சரிசெய்வதுபோல் கையைப் பின்னால் கொண்டுபோய் அதை உருவி, உள்ளங்கைக்குள் மூடினாள். கூந்தல் சரிந்து தோளில் விழுந்தது.

"அது என்னம்மா கையில?" என்று திரும்பினார் அவர்.

"ஏண்டி, அடுப்புல பால் வெச்சிருக்கேன், இங்கே நின்னு கதை கேக்கிறியே!" மாமியார் அதட்டினாள். "பொங்கி வழியப் போகுது, ஓடு!"

விட்டால் போதும் என்று ஓடினாள்.

அடுப்பு எரியவே இல்லை. பால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

அவள் திகைத்து நிற்கும்போதே மாமியார் பின்னால் வந்து கதவைச் சாத்தினாள். மருமகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கிளிப்பை எடுத்தாள். கூந்தலை அள்ளி முடிந்து, கிளிப்பைச் செருகிவிட்டாள்.

"முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டுப் போ. அவன் கண்ணுல பட்டா, இதுக்கும் விலை பேச ஆரம்பிச்சிடுவான்."

"அத்தை... உங்களுக்குத் தெரியுமா?"

"நீயா சொல்ற அன்னிக்குச் சொல்லட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள அந்தக் கத்தி உன் கண்ணுல பட்டு, நீ கூனிக்குறுகி நிக்கக் கூடாதேன்னுதான் பெட்டியைப் பூட்டிப் பூட்டி வெச்சேன். சாவி குத்திக் குத்தி என் இடுப்பே புண்ணாப் போச்சு."

மருமகளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"அப்போ அந்தக் கத்தி... நிஜமாவே சந்தையிலதான் வாங்கினீங்களா அத்தை?"

மாமியார் முகவாயில் கை வைத்தாள்.

"நல்லா இருக்கே! பொண்ணு கேக்கப் போறவ, பெத்தவரை நேர்ல போய்ப் பாத்துக் கேக்காம, சந்தையிலயா கேட்டுட்டு வருவேன்?"