பேனாவால் எழுதியவை

ஒன்றில்கூடப் பெயர் இல்லை.

அவள் பன்னிரண்டு ஸ்லைடுகளையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள். எது எந்த எலி என்று கண்ணாடியின் சொரசொரப்பான ஓரத்தில் கறுப்பு மையில் எழுதிக் கொடுத்திருந்தாள். துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

துடைத்துத்தான் விட்டிருந்தது. சாயம் ஏற்றும் வழியில் மையைக் கரைக்கும் ஐந்தாறு ஸ்பிரிட் தொட்டிகள். எல்லாவற்றிலும் முங்கி எழுந்து வந்திருக்கின்றன.

"பென்சில்லதான் எழுதணும்னு போர்டு வச்சிருக்கேன்லம்மா," என்றார் சாயம் ஏற்றித் தரும் எஸ்தர் அக்கா, ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து.

வைத்திருக்கிறார். சிவப்பு எழுத்தில். ஜன்னல் கம்பியில் நூல் கட்டி ஒரு பென்சிலையும் தொங்கவிட்டிருக்கிறார். அன்றைக்கு வரிசையில் பின்னால் நின்றவன் அவசரப்படுத்தினான். சட்டைப் பையில் பேனா இருந்தது. எழுதிவிட்டாள்.

தப்பு தன்னுடையது என்று தெரிந்தால் கோபம் அடங்க வேண்டும். ஏறியது.

எத்தனை துறை இருந்தால் என்ன, எல்லோருக்கும் இந்த ஒரு பொது ஆய்வகம். ஒரே சாயத் தொட்டி, ஒரே மைக்ரோஸ்கோப், ஒரே எஸ்தர் அக்கா. காத்துக் கிடந்து வாங்கிய முறை இது. இன்னொரு முறை கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள். கட்டுரை திங்கட்கிழமை போக வேண்டும்.

ஸ்லைடுகளில் இருப்பது எலிகளின் கல்லீரல். பாதி எலிகளில் ஒரு மரபணுவை அவள் வெட்டி எடுத்திருந்தாள். மீதி சாதாரண எலிகள். அந்த மரபணு போனால் கல்லீரலில் தழும்பு குறையும். சாயம் ஏற்றினால் தழும்பு நீலமாகத் தெரியும். நீலம் குறைவு என்றால் அவளுடைய எலி.

நான்கு வருட ஆராய்ச்சி அவ்வளவுதான். அவளுடைய வழிகாட்டி ஏறிய மேடையெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"சாயம் போடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்குவேன். நாளைக்கு எம்மேல பழி வரக்கூடாதுல்ல. துண்டோட வடிவத்த வச்சு எது எதுன்னு சொல்லிரலாம். இரும்மா, தேடுறேன்."

"தேடுங்கக்கா. ஆனா எனக்கு அதெல்லாம் வேணாம். பாத்தாலே தெரியும்."

விருட்டென்று போய் மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்தாள்.

முதல் ஸ்லைடு. நீலம் குறைவு. என்னுடையது. இடப்பக்கம் வைத்தாள்.

அடுத்தது. நீலம் அதிகம். வலப்பக்கம்.

அடுத்தது கொஞ்சம் யோசிக்க வைத்தது. இடப்பக்கம்.

முடிந்தபோது இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. இதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தன்மேலேயே சலிப்பு வந்தது. ஒரு உறுதிக்காக எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு, மறுபடி பிரித்தாள்.

மறுபடியும் ஆறு, ஆறு.

ஆனால் மூலை உடைந்த ஸ்லைடு முதலில் இடப்பக்கம் இருந்தது. இப்போது வலப்பக்கம் கிடந்தது. உள்ளே காற்றுக் குமிழ் விழுந்திருந்த ஸ்லைடும் பக்கம் மாறியிருந்தது.

இரண்டையும் திரும்ப வைத்துப் பார்த்தாள். ஓரிடத்தில் நீலம் அதிகம். சற்று நகர்த்தினால் குறைவு. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகக்கூடிய நீலம்.

இப்படிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று அப்போது உறைத்தது. இத்தனை காலமும் முதலில் ஓரத்தில் இருந்த பெயரைப் படித்தாள். அப்புறம்தான் கண்ணை லென்ஸில் வைத்தாள்.

இனி யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பேனாவின் மேல் கோபப்பட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். அது எவ்வளவோ தேவலை.

"கெடச்சிருச்சும்மா!" எஸ்தர் அக்கா ஜன்னல் வழியாகப் போனை நீட்டினார். "ஒன் கையெழுத்து பளிச்சுன்னு தெரியுது. வந்து பாரு."

அவள் எழுந்து போனாள். போனின் பக்கம் கண் போகாமல் பார்த்துக்கொண்டாள்.

"இப்ப வேணாம்க்கா. நான் பிரிச்சு முடிக்கிற வரைக்கும் நானே கேட்டாலும் காட்டாதீங்க."

எஸ்தர் அக்கா அவள் முகத்தைப் பார்த்தார். போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

நூலில் தொங்கிய பென்சில் மைக்ரோஸ்கோப் வரை எட்டாது. ஸ்லைடுகளை ஜன்னலுக்குக் கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் கலந்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு எண் போட்டாள். பெயர் எழுதவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒன்றாம் எண்ணை எடுத்து வைத்தாள்.

லென்ஸில் குனிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.