கேட் மட்டும் நிற்கிறது

கடைசிச் சுருள் முள்கம்பியையும் ஜீப்பில் ஏற்றிவிட்டு, வனப்பூங்காக் காவலர் கையுறைகளைக் கழற்றுகிறார். பூங்காவுக்கும் நிலத்துக்காரம்மாவின் சரிவுக்கும் நடுவே இருந்த வேலி இப்போது இல்லை. கம்பங்களைப் பிடுங்கிய குழிகள் மட்டும் காலை வெயிலில் ஈரமாக, வரிசையாகத் தெரிகின்றன. சரிவை மனை போட விற்பதில்லை, மான்கள் ஓடைக்கு இறங்கும் வழியாகவே விட்டுவிடுவது என்று அந்தம்மா போன வாரம் பூங்காவோடு கையெழுத்துப் போட்டிருக்கிறார். போன கோடையில் இந்தக் கம்பியில் சிக்கிய மான்குட்டியை இருவரும் சேர்ந்துதான் விடுவித்தார்கள். காவலரின் முழங்கையில் அப்போது கம்பி கிழித்த தழும்பு இன்னும் வெளுத்துக் கிடக்கிறது. ஜீப்பருகே வந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுக்கிறார் அந்தம்மா. "ரொம்ப நன்றிம்மா. இதுக்கெல்லாம் மனசு வேணும்." "மனசு இருக்கட்டும், டீ ஆறுது பாருங்க." தன் சரிவுக்குத் திரும்பி நடந்த அந்தம்மா, முப்பது வருடப் பழக்கத்தில், வேலியில் மிஞ்சி நிற்கும், நாளைக்குப் பிடுங்க வேண்டிய இரும்பு கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டுகிறார். பூட்டிய பிறகுதான் இரண்டு பக்கமும் பார்க்கிறார். வெறும் புல். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். டம்ளரைத் திருப்பித் தர வந்த காவலர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இரண்டடி எடுத்து வைத்தால் உள்ளே வந்துவிடலாம். வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று தொப்பியைக் கழற்றுகிறார். "உள்ள வரலாமாம்மா?" சிரிப்பு அடங்கிப்போய், அந்தம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுக்கிறார்.