இரண்டாவது கோடு

"இது உங்களோடது இல்ல சார்," என்றாள் நர்ஸ்.

மூன்று நாளைக்கு முன் அவர் கொண்டுவந்து கொடுத்த சிறுநீர் கேனின் ரிப்போர்ட் அவள் கையில் இருந்தது.

அவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. அப்படிப்பட்டவர்களின் ஹார்மோன் அளவுகளைப் பற்றி இங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டுத் தானாகவே வந்து சேர்ந்தவர். ஒரு முழு நாள் சிறுநீரையும் வீட்டிலேயே கேனில் சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.

நர்ஸுக்கு இது புதிதல்ல. பாதி கேனுக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறாள். தம்பியைக் கூப்பிட்டு நிரப்பச் சொன்னவரையும் பார்த்திருக்கிறாள்.

"சத்தியமா என்னோடதுதாம்மா," என்றார் அவர்.

"பொம்பளைங்களுக்கு மட்டும் பாக்குற டெஸ்டை லேப்ல தவறுதலா உங்க கேனுக்கும் பாத்துட்டாங்க சார். கர்ப்பம்னு வந்திருக்கு. உங்க வீட்டுல வேற யாரோ இதுல சேத்திருக்காங்க."

அவர் பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். வயது ஐம்பத்தாறு. கதவோரமாக, ஃபைலை மார்போடு அணைத்தபடி மருமகள் நின்றிருந்தாள். வீட்டில் இருப்பதே இந்த மூன்று பேர்தான். மகன் கப்பல் வேலைக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது.

யாரும் விரல் விட்டு எண்ணவில்லை. எண்ண வேண்டியும் இருக்கவில்லை.

மாமியார் மெதுவாகத் திரும்பி மருமகளைப் பார்த்தாள். முகத்தை அல்ல, வயிற்றை.

அன்றைக்குக் குளியலறையிலிருந்து வந்து, "கேன் கொஞ்சம் சாஞ்சிடுச்சு அத்தை, அதிகம் கொட்டல," என்று இவள் சொன்னது ஞாபகம் வந்தது. ஒன்று ஞாபகம் வந்தால் போதாதா? வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸிலிருந்து தாமதமாக வருவது, மொட்டை மாடியில் நின்று போனில் சிரிப்பது, போன மாதம் திடீரென்று முடியை வெட்டிக்கொண்டது எல்லாம் வரிசை கட்டி வந்து நின்றன. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

"கொட்டினதை எதை வச்சு ரொப்புன?" என்றாள் மாமியார்.

"ஏய், வாயை மூடு," என்றார் அவர். மனைவியை அவர் அப்படிப் பேசி மருமகள் கேட்டதில்லை.

"நீங்க சும்மா இருங்க. கப்பல்ல இருக்கறவன் என் புள்ள."

மருமகள் அழவில்லை. ஃபைலை மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டு கப் குடுங்க சிஸ்டர்," என்றாள். "ஒண்ணு எனக்கு. ஒண்ணு மாமாவுக்கு. இப்பவே, இங்கயே."

முதலில் அவள் போய் வந்தாள். நர்ஸும் கூடவே போனாள். கர்ப்பம் பார்க்கும் அட்டைப் பட்டையை அதில் நனைத்து மேசைமேல் வைத்தார்கள். ஐந்து நிமிடம் மாமியார் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை.

ஒரே கோடு.

"இல்லன்னுதாம்மா அர்த்தம்," என்றாள் நர்ஸ்.

மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் உள்ளே அது இன்னும் அடங்கவில்லை. மூன்று நாளில் என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம் என்று எங்கோ ஒரு மூலையில் ஓடியது. அப்படி நினைக்கிறோமே என்று கூச்சமும் வந்தது.

அடுத்து அவர் போனார். ஆண் உதவியாளர் ஒருவர் கூடவே போய், கண் முன்னால் வாங்கி வந்தார்.

அந்தப் பட்டையில் முதலில் ஒரு கோடு வந்தது. பிறகு, அதன் பக்கத்தில், இன்னொன்று.

நர்ஸ் வேறு பட்டை எடுத்து நனைத்தாள். அதிலும் இரண்டு.

"இந்த வயசுல எனக்கு மசக்கையா?" என்றார் அவர். "புளிப்பா எதுனா வாங்கிக் குடுங்கம்மா."

மாமியாருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். மருமகள் முகத்தில்கூட ஒரு சின்னத் தளர்வு. பட்டைதான் கோளாறு, லேப்தான் கோளாறு, அவ்வளவுதானே. நர்ஸும் சிரித்துவிட்டு, பட்டைகளை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்கு டாக்டரிடம் போனாள்.

திரும்பி வந்தபோது டாக்டரும் கூட வந்தார். அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினார். பெரியவரைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, திரைக்குப் பின்னால் வெகுநேரம் சோதித்தார்.

வெளியே வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் பேசினார்.

"பட்டை மேல தப்பு இல்லம்மா. கர்ப்பத்துல சுரக்கற ஹார்மோனைத்தான் இது காட்டுது. ஆம்பளைங்களுக்கு அது இந்த அளவுக்கு வரக் கூடாது. வந்தா, உள்ள எங்கயாவது கட்டி இருக்கான்னு பாத்தே ஆகணும். என் கைக்கு ஒண்ணு தட்டுப்படுது. இன்னைக்கே ஸ்கேன் எடுத்துடலாம்."

திரைக்கு அந்தப் பக்கம் பெரியவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தது நின்றுபோனது.

மாமியார் எழுந்தாள். டாக்டரிடம் போகவில்லை. கணவனிடமும் போகவில்லை. நேரே மருமகளிடம் போய் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கப் மாறியிருக்கும்," என்றாள். "அது உன்னோடதுதான்னு சொல்லிடும்மா. நான் ஒண்ணுமே கேக்க மாட்டேன்."